உள்ளங்கைச் சூடு

ராசிபுரத்தில் அங்காளம்மன் கோயிலை ஒட்டியிருந்த நெசவாளர் தெருவில், நெடுக்கு நூலாகிய பாவைத் தறியில் புதிதாக ஏற்றினால் முதல் குறுக்கிழையை வெள்ளை நூலில் ஓட்டமாட்டார்கள். மஞ்சள் தேய்த்த நூலைத் தறியின் குறுக்கே ஓடும் நாடாவில் வைத்து, அம்மனை நினைத்து ஓட்டுவார்கள். நெய்து முடித்துத் துணியைத் தறியிலிருந்து இறக்கும்போது, அந்த மஞ்சள் கோட்டோடு ஒரு சாண் அறுத்துக் கோயில் வாசலில் உள்ள சூலத்தில் கட்டுவார்கள். மீதித் துணிதான் சந்தைக்குப் போகும்.

யுத்தம் வந்தது. நூலுக்குக் கட்டுப்பாடு வந்தது. கட்டுப்பாட்டு நூல் மாதத்தில் பாதி நாளுக்குக்கூடப் போதவில்லை. தறிக்குழிகளில் எலி குடியேறியது. அந்த நாட்களில்தான் நூல் வியாபாரி குமாரசாமி ஒரு வழி சொன்னார். யாழ்ப்பாணத்தில் துணிக்குத் தவிக்கிறார்கள், கோடியக்கரைப் பக்கம் தோணிக்காரர்கள் இருக்கிறார்கள், நூலுக்கு நான் ஆச்சு என்றார். கடலில் ஜப்பான்காரனின் நீர்மூழ்கி திரிகிறது என்று சர்க்கார் கரையெல்லாம் காவல் போட்டிருந்த நேரம். துணி கடத்தினால் ஜெயில் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் பசித்த பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு சட்டம் பேச யாரால் முடியும்?

தெருவின் ஆண்கள் கோயிலில் கூடினார்கள். குமாரசாமி கற்பூரத் தட்டை ஏந்தி நின்று, ஒவ்வொருவர் வலது உள்ளங்கையிலும் எரியும் கட்டி ஒன்றை வைத்தார். அது தானாக அணையும்வரை கையை உதறக்கூடாது. துணி எந்த ஊரில் நெய்தது, யார் நெய்தது, நூல் யார் கொடுத்தது என்று உயிரே போனாலும் வாய் திறப்பதில்லை என்பது சத்தியம். எல்லோர் கையிலும் கொப்புளம் கண்டது. கந்தவேலின் கையில் சற்று அதிகமாகவே சுட்டிருந்தது. அவன் மனைவி சாரதாமணி அதில் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டபோது அவன் சிரித்தான்.

"அம்மா முத்திரை குத்தீட்டா புள்ள. இனி நான் தொலைஞ்சு போனாலும் கண்டுபுடிச்சுக்கலாம்."

ஒவ்வொரு சரக்கோடும் தெருவிலிருந்து ஓர் ஆள் தோணிவரை போய் வர வேண்டும் என்பது ஏற்பாடு. சீட்டு எழுதிப் போட்டதில் இரண்டாவது தடவை கந்தவேல் பெயர் வந்தது. பக்கத்துத் தறிக்காரன் அம்மாசி கேலி செய்தான். ஏரி நிறைந்தாலே தூர நின்று கும்பிடுகிற ஆளைக் கடலுக்கு அனுப்புகிறார்களே, திரும்பி வரும்போது உப்புக் கண்டமாகத்தான் வருவான் என்றான். கந்தவேலுக்கு நீச்சல் தெரியாது. அந்தத் தெருவில் யாருக்குமே தெரியாது.

அந்தச் சரக்கில் கடைசித் துணி சாரதாமணி நெய்தது. கரை வேண்டாம், அடையாளம் எதுவும் வேண்டாம் என்று குமாரசாமி சொல்லியிருந்தார். கரை போடாமல்தான் நெய்தாள். ஆனால் மஞ்சள் இழை ஓட்டாமல் ஒரு பாவைத் தொடங்க அவள் கைக்குத் தெரியாது. முடிவில் நூல் போதாமல் துணி ஒரு சாண் குறைந்தது. சூலத்தில் கட்ட வேண்டிய துண்டை அறுத்தால் இன்னும் ஒரு சாண் குறையும். வண்டி வாசலில் நின்றது. அம்மா பொறுத்துக்கொள்வாள், அடுத்த பாவில் இரண்டாகக் கட்டிவிடலாம் என்று எண்ணி, மஞ்சள் கோட்டை உள்ளே மடித்துத் தைத்துக் கொடுத்துவிட்டாள்.

கந்தவேல் திரும்பி வரவில்லை.

குமாரசாமி வீட்டுக்கு வந்து ஆறுதல் சொன்னார். தோணியைக் காவல்கப்பல் மடக்கியதாம். ஆட்கள் எல்லோரும் தப்பிவிட்டார்களாம். கந்தவேல் பிரெஞ்சுக்காரர் ஆளும் காரைக்காலில் பத்திரமாக இருக்கிறானாம், சூடு ஆறியதும் வந்துவிடுவானாம். சாரதாமணி நம்பினாள். விளக்கு வைக்கும்போதெல்லாம் காரைக்கால் எந்தத் திசை என்று தெரியாமல் கிழக்கே பார்த்துக் கும்பிட்டாள்.

ஆவணி மாதத்தில் ஒரு நாள் காலை, தெருவுக்குள் ஒரு ஜீப் வந்தது. இறங்கியவர் வெள்ளை உடுப்புப் போட்ட ஒரு துரை. போலீஸ் இல்லை, கப்பல் படையில் உளவு பார்க்கிற பிரிவாம். கூடவே மொழி சொல்ல நாகப்பட்டினத்துக்காரர் ஒருவர், சவரிமுத்து என்று பெயர்.

"கப்பல் தொரைக்கு நம்மூர்ல என்ன சோலியாம்? ஏரியில தண்ணியே இல்லியே" என்று அம்மாசி முணுமுணுத்தான். யாரும் சிரிக்கவில்லை.

கோயில் மண்டபத்தில் துரை உட்கார்ந்தார். ஒரு துணியை விரித்துக் காட்டி, இது யார் நெய்தது என்று வீடு வீடாக அழைத்துக் கேட்டார். பக்கத்து நெசவூரான இளம்பிள்ளையிலும் கேட்டுவிட்டு வருகிறார்களாம். அங்கே, பட்டுக்கரை போடும் எங்களுக்கும் இந்த முரட்டுத் துணிக்கும் என்ன சம்பந்தம் என்று கைவிரித்துவிட்டார்களாம். இங்கேயும் ஒவ்வொருவராக வந்து பார்த்து, எங்கள் நெசவு இல்லை என்று சொல்லிப் போனார்கள். ஆண்கள் எல்லோரும் வலது கையை வேட்டி மடிப்பில் மறைத்திருந்ததை யாரும் கவனிக்கவில்லை.

சாரதாமணி முறை வந்தது. மடிப்புத் தையல் பிரிந்து, ஓரத்தில் மஞ்சள் கோடு தெரிந்தது. கடல் தண்ணீர் பட்டு வெளுத்திருந்தாலும் அவளுக்குத் தன் கை தெரியாதா? தூணருகே நின்ற குமாரசாமி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மன் சந்நிதி எதிரே இருந்தது.

"எங்க தெரு நெசவு இல்லீங்க" என்றாள்.

கந்தவேலைக் காப்பாற்றுகிறோம் என்றுதான் அவள் நினைத்தாள்.

துரை ஏதோ எழுதிக்கொண்டு எழுந்தார். குமாரசாமி வீட்டில் அவருக்குப் பாலும் பழமும் வைத்திருந்தார்கள். மொழி சொல்ல வந்தவரை யாரும் அழைக்கவில்லை. சர்க்கார் ஆளுக்குப் பச்சைத்தண்ணீர்கூடக் கொடுக்கக்கூடாது என்று தெருவுக்குள் முன்பே பேச்சு இருந்தது.

உச்சி வெயிலில் சவரிமுத்து தெருவில் நடந்து வந்தார். காய்ச்சலில் கண் சிவந்திருந்தது. இரண்டு வீட்டில் தண்ணீர் கேட்டு, கதவு சாத்தப்பட்டு, மூன்றாவதாகச் சாரதாமணி வாசலில் வந்து நின்றார்.

அவள் தயங்கினாள். எதிர்வீட்டு ஜன்னலில் ஒரு முகம் தெரிந்தது. ஆனாலும் தாகம் என்று வந்தவரிடம் இல்லை என்று சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. உள்ளே போய், உப்புப் போட்டு ஒரு செம்பு மோர் கரைத்து வந்து கொடுத்தாள். அவர் நின்றபடியே குடித்தார். செம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டு, சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினார்.

உளவறியும் எண்ணம் அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை. வயிறு குளிர்ந்தவர் மனதில் இருப்பதைச் சொல்வதுபோலத்தான் பேசினார். இன்றோடு அந்த ஆளின் கதை முடிந்தது என்றார். எந்த ஆள் என்று அவள் கேட்டாள். தோணியை மடக்கியபோது மற்றவர்கள் கடலில் குதித்து நீந்திவிட்டார்களாம். ஒருவன் மட்டும் பாய்மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றானாம். துணி மூட்டைகளுக்கு அடியில் கரையோர வரைபடமும், சமிக்ஞை காட்டும் விளக்கும் இருந்தனவாம். அன்று முதல் அவன் பேரும் சொல்லவில்லை, ஊரும் சொல்லவில்லை. ஜப்பான்காரன் நீர்மூழ்கியில் கொண்டுவந்து இறக்கிய உளவாளி என்று துரை முடிவு கட்டிவிட்டார். துணி ஒன்றுதான் புரியாமல் இருந்தது. இந்தப் பக்கத்தார் யாரும் தங்களுடையது இல்லை என்று சொல்லிவிட்டதால் அதுவும் தீர்ந்தது. அடுத்தது சென்னையில் தனிக்கோர்ட்டு. உளவாளிக்குத் தூக்குத்தான்.

"வாயைத் தொறந்து நான் இன்ன ஊருன்னு சொன்னான்னா பொழைச்சுக்குவான் தங்கச்சி. துணி கடத்துனவனைத் தூக்குல போடமாட்டாங்க. கையில வேற ஒரு சூடு. உள்ளங்கையில, நடுவுல. அது ஜப்பான்காரன் வெச்ச அடையாளம்னு துரை எழுதி வெச்சிருக்காரு."



அந்த ஆள் நாளெல்லாம் என்ன செய்கிறான் என்று மட்டும் கேட்டாள். கம்பளியிலிருந்து நூலைப் பிரித்துப் பிரித்து எச்சில் தொட்டு முடிச்சுப் போடுகிறான் என்றார் சவரிமுத்து. பைத்தியம்போல நடிக்கிறான் என்று காவலர்கள் சிரிக்கிறார்களாம். அறுந்த இழையைத் தறிக்காரர்கள் முடிவது அப்படித்தான் என்று அவளுக்குத் தெரியும். சொல்லிவிட்டு, மோருக்குப் புண்ணியமாகப் போகட்டும் என்று வாழ்த்திப் போனார்.

அவள் முதலில் போனது குமாரசாமியிடம்தான். துரை உணவு முடித்துச் சேலம் சாலை பங்களாவுக்குப் போயிருந்தார். குமாரசாமி அவள் சொன்னதைக் கேட்டுத் திடுக்கிடவில்லை. அவருக்கு முன்பே தெரியும் என்பது அந்த அமைதியிலேயே அவளுக்கு விளங்கியது. வரைபடமும் விளக்கும் எப்படி வந்தன என்று அவருக்கும் தெரியாதாம். தோணிக்காரன் வேறு யாருக்கோ கூலிக்கு ஏற்றியிருப்பான் என்றார். குரலை உயர்த்தாமல், சொந்தத் தங்கைக்குச் சொல்வதுபோலப் பேசினார்.

"ஒருத்தன் போனா ஒரு ஊடு அம்மிணி. நீ வாய் தொறந்தா தெருவே போயிரும். அவனே பேசாம இருக்கறான், அவனுக்குத் தெரியுது. உன்னைய ஆயுசுக்கும் நான் பாத்துக்கறேன். வாய் தொறக்கறதில்லைன்னு அம்மா முன்னால பண்ணுன சத்தியம் இருக்குது."

"சத்தியம் பண்ணுனது நாமதானுங்க" என்றாள் சாரதாமணி. "உசுரு வேணும்னு அம்மா எப்பங்க கேட்டா?"

வெளியே போகும் வழியில் குமாரசாமியின் மனைவி ஜானகியம்மாள் மாட்டுக் கொட்டகை அருகே நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பக்கத்தில் வந்து மெல்லச் சொன்னாள்.

"வெடியக் காத்தால கெளம்பீருவாங்களாம். போறதுன்னா இப்பவே போயிரு கண்ணு. கொல்லைக் கதவு தொறந்திருக்குது, தெருவழியாப் போகாதே."

தன் வீடே கவிழும் என்று தெரிந்தே அவள் அந்தக் கதவைத் திறந்து விட்டாள். இந்த உலகம் இன்னும் முழுதாக இருண்டு போகாமல் இருப்பது இப்படிச் சில கதவுகளால்தான்.

பங்களாவில் துரை சாய்வு நாற்காலியில் இருந்தார். சவரிமுத்து நடுவில் நின்றார். துணி என்னுடையது என்றாள் சாரதாமணி. துரை நம்பவில்லை. காலையில் இல்லை என்றவள் பொழுது இறங்கும் நேரத்தில் ஆம் என்றால், யாரோ அனுப்பியிருக்கிறார்கள் என்று பொருள் என்றார். மஞ்சள் இழையைப் பற்றிச் சொன்னாள். அதை யாரும் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்து சொல்லலாமே என்றார். அந்த மனிதன் உன் கணவன் என்பதற்கு என்ன சாட்சி?

அவளுக்குத் தெரிந்தது ஒரே சாட்சிதான். அதைச் சொன்னால் என்ன ஆகும் என்பதும் தெரிந்தது. அம்மாசி, தெருக்கோடிக் கந்தப்பன், கூப்பிட்டால் ஓடி வருகிற அத்தனை வீடுகளும் கண் முன்னால் வந்து போயின. கந்தப்பன் வீட்டில் பச்சைக் குழந்தை வேறு.

அவள் முகத்தைப் பார்த்த சவரிமுத்து, துரையிடம் எதுவும் சொல்லாமல் அவளிடம் மட்டும் சொன்னார்: "யோசிச்சுச் சொல்லு தங்கச்சி. நான் மொழி மாத்திட்டா பொறகு திருப்பி எடுக்க முடியாது."



"எங்க தெரு ஆம்பளைங்க வலது கையைப் பாருங்க. எல்லாருக்கும் அந்தச் சூடு இருக்குது. கற்பூரச் சூடு" என்றாள். "அவிய பேரு..." என்று தொடங்கி, அதுவரை கட்டியவன் பெயரைச் சொல்லாத வாயால் முதல் முறையாகச் சொன்னாள். "கந்தவேலு."

மறுநாள் காலை போலீஸ் வந்தது. ஆண்களை மண்டபத்தில் வரிசையாக நிறுத்திக் கையை விரிக்கச் சொன்னார்கள். ஆறிய தழும்பு ஒவ்வொரு கையிலும் ஒரே இடத்தில் இருந்தது. துரை ஒவ்வொரு கையாகப் பார்த்துக்கொண்டே போனார். கடைசியில் குமாரசாமி நின்றார். அவர் கை பூப்போல இருந்தது. சத்தியம் வாங்கினவர் தட்டைத்தான் பிடித்திருந்தார். நெருப்பு அவரைத் தொடவே இல்லை. நூல் எங்கிருந்து வந்தது என்று கேட்டபோது, ஆண்கள் அந்தச் சத்தியத்தை அப்போதும் காத்தார்கள். சாரதாமணி அவர் பெயரையும் சொன்னாள். ஆனால் ஊர்ப் பெரியமனிதர் ஒருவருக்கு எதிராகக் கடத்தல்காரன் மனைவியின் சொல் எதுவரை செல்லும்? அவரை விட்டுவிட்டார்கள்.

கந்தவேலுக்குத் தூக்கு இல்லை என்றாயிற்று. கடத்தல் குற்றத்துக்குத் திருச்சி ஜெயிலில் மூன்று வருஷம் போட்டார்கள். மற்றவர்களுக்கு மாதக் கணக்கில் தண்டனை. தெருவுக்கு நூல் அட்டையே ரத்தாயிற்று. தறிகளுக்கு முத்திரை வைத்தார்கள். அந்த ஐப்பசியில் பசியும் காய்ச்சலும் சேர்ந்து வந்தன. கந்தப்பன் ஜெயிலில் இருக்கும்போது அவன் குழந்தை இறந்தது. சாரதாமணி துக்கம் கேட்கப் போனாள். வாசலிலேயே பெண்கள் மறித்துவிட்டார்கள். கோயிலுக்குள் அவள் காலடி படக்கூடாது என்று தெரு கட்டுப்பாடு செய்தது. அவளுக்கு யாரும் நெருப்பும் கொடுப்பதில்லை, உப்பும் கொடுப்பதில்லை. கிணற்றில் அவள் வாளி விட்டால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

அவள் தறியை விட்டுவிட்டுக் கடலைக்காட்டுக்குக் கூலிக்குப் போனாள். யாரையும் நொந்துகொள்ளவில்லை. அவர்கள் கோபம் நியாயமானது என்று அவளுக்கே தோன்றியது. ஒரு நாள் கிணற்றடியில் அவளுடைய வாளிக் கயிறு அறுந்து வாளி உள்ளே போய்விட்டது. சுற்றி நின்றவர்கள் பார்த்துக்கொண்டே நின்றார்கள். குழந்தையை இழந்த பொன்னாயி, கந்தப்பன் மனைவி, அந்தப் பக்கம் வந்தாள். சாரதாமணியின் முகத்தைப் பார்க்கவில்லை. தன் வாளியில் தண்ணீர் இறைத்து, அவள் குடத்தை நிரப்பிவிட்டு, தன் குடத்தை எடுத்துக்கொண்டு போனாள். சாரதாமணி அந்தத் தண்ணீரை வீட்டுக்குக் கொண்டுபோய், குடிக்க மனம் வராமல், அழுதாள்.

தை பிறந்த பிறகுதான் திருச்சிக்குப் போக வழி கிடைத்தது. முதலில் கந்தவேல் அவளைப் பார்க்க மறுத்துவிட்டான். அடுத்த மாதமும் போனாள். அப்போதும் மறுத்துவிட்டான். மூன்றாம் முறை கம்பிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றான். மொட்டைத் தலை, குழிந்த கன்னம். கைகள் முதுகுக்குப் பின்னால் இருந்தன.

"கந்தப்பன் கொழந்த..." என்று தொடங்கி நிறுத்தினான்.

"ஆமாங்க."

"என்னையத் தூக்குல போட்டிருந்தா அது பொழைச்சிருக்கும்."

அவள் அதை மறுக்கவில்லை. அந்தக் கணக்கை அவளும் எத்தனையோ முறை போட்டுப் பார்த்திருந்தாள். பாவம் உங்களுடையது இல்லை, சத்தியத்தை மீறினது நான்தான், அம்மா கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன் என்று மட்டும் சொன்னாள்.

காவலர் நேரமாயிற்று என்பதுபோலச் சாவிக்கொத்தைக் குலுக்கினார். அப்போதுதான் கந்தவேல் கேட்டான், பிடிபட்டது தான்தான் என்று அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று. அவள் மோர் கொடுத்த கதையைச் சொன்னாள். காய்ச்சல்காரர் வந்தது, இரண்டு வீட்டில் கதவைச் சாத்தியது, அவர் நின்றபடியே குடித்தது, எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லும்போது அவன் முகம் அசையவில்லை.

"ஒரு செம்பு மோரு" என்றான். "அதை ஊத்தாம இருந்திருந்தா இத்தனையும் இல்லை."

"தாகம்னு வந்து நின்னாங்க" என்றாள் சாரதாமணி. "ஊத்தாம எப்படிங்க இருக்கறது?"

அவன் தலையைத் தூக்கி முதல் முறையாக அவளைப் பார்த்தான். திட்டப் போகிறான் என்று அவள் காத்திருந்தாள். முதுகுக்குப் பின்னால் இருந்த வலது கை முன்னால் வந்தது. கம்பிகளுக்கு இடையே விரித்து வைத்தான். நடுவில் தழும்பு வெளுத்துப்போய், ஒரு புளியங்கொட்டை அளவில் இருந்தது.

அவள் அதன்மேல் தன் கையை வைத்தாள். தொடக்கூடாது என்பது ஜெயில் விதி. காவலர் அதைப் பார்த்தார். பிறகு சாவிக்கொத்தை இடுப்பு வாரில் சொருகிக்கொண்டு, மரத்தடிப் பக்கம் போய் முதுகைக் காட்டி நின்றார்.